மண்வெட்டி பிடித்த ஏழு நாட்கள்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் தொண்டர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





சென்ற தை மாதத்தில் நாங்கள் பத்துப் பேர் குடியாத்தம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஏழு நாட்கள் தங்கிக் கழிப்பறைக் குழிகள் தோண்டினோம். அந்த அனுபவத்தைப் பற்றி இங்கே பேசும்படி கேட்டபோது முதலில் தயங்கினோம். நாங்கள் செய்து முடித்தது கொஞ்சம், தடுமாறியது அதிகம். எங்கள் தடுமாற்றத்தால் அந்த ஊரில் ஒருவருக்குக் காயமும் ஏற்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல அனுமதித்தால் பேசுகிறோம் என்றோம். அதைச் சொல்வதற்காகத்தான் உங்களை அழைக்கிறோம் என்றார்கள். ஆகவே உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

எங்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். இருவர் வங்கியில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேர் கல்லூரி மாணவிகள். மற்ற இருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள். எல்லோரும் சென்னைவாசிகள். பத்துப் பேரில் ஒருவர்கூட அதற்கு முன் மண்வெட்டியைக் கையில் எடுத்ததில்லை. தொட்டிச் செடிக்கு மண் கிளறும் சின்னக் கரண்டிதான் எங்களுக்குத் தெரிந்த விவசாயக் கருவி.

ஊரில் நான்கு வீடுகளுக்குக் கழிப்பறை கட்டத் திட்டம். அவற்றில் இரண்டு வீடுகள், தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களின் வீடுகள். அவர்களுக்குக் கழிப்பறை ஏன் முதலில் வேண்டும் என்று கேட்டோம். உடன் வந்த சுகாதாரப் பணியாளர் விளக்கினார். ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல முள். உணர்ச்சியற்ற பாதத்தோடு இருட்டில் அங்கே போய் வருகிறவருக்கு முள் தைத்ததே தெரியாது. நாலு நாள் கழித்து வீக்கத்தையோ சீழையோ பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அப்படி ஆரம்பித்த புண்ணால் பாதத்தை இழந்தவர்கள் உண்டு.

கழிப்பறை இரட்டைக் குழி முறையில் அமைவது. ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடி வைத்த குழியில் உள்ளது ஒன்றரை, இரண்டு வருடத்தில் மக்கி எருவாகிவிடும். ஒவ்வொரு குழியும் ஏறக்குறைய 1.25 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழம். காகிதத்தில் பார்த்தபோது சின்ன வட்டமாகத்தான் தெரிந்தது. கணக்குப் போட்டால் ஒரு குழிக்கு ஒன்றரை கன மீட்டர் மண். எடை இரண்டு டன்னுக்குக் குறையாது. நான்கு வீட்டுக்கு எட்டுக் குழி. பத்துப் பேர், ஏழு நாள், முடித்துவிடலாம் என்று தைரியமாகப் புறப்பட்டோம்.

கருவிகளையும் நாங்களே வாங்கிக்கொண்டு போனோம். ஆறு மண்வெட்டி, மூன்று கடப்பாரை, இரும்புச் சட்டிகள், தாம்புக் கயிறு, ஆளுக்கொரு ஜோடித் தோல் கையுறை. எல்லாம் புத்தம் புதியவை. ஊர் மக்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. எட்டரை மணிக்கு எங்கள் வங்கி நண்பரின் மண்வெட்டி காம்பிலிருந்து கழன்று ஒரு பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. ஒரு ஆசிரியர் ஓங்கி வெட்டியதில் தகடு அவர் செருப்பு நுனியில் இறங்கியது. விரல் தப்பியது. கையுறை போட்டால் காம்பு வழுக்கியது, கழற்றினால் எரிந்தது. மேலே ஒரு முழத்துக்குச் செம்மண் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே சுக்கான் கல். கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் அது துள்ளிக்கொண்டு திரும்பியது. அதிர்ச்சி மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை ஏறியது. மாலையில் பார்த்தால் நான்கு குழி தொடங்கியிருந்தோம். ஒன்றுகூட முழங்கால் ஆழத்துக்கு இறங்கவில்லை. பத்துப் பேருடைய கையிலும் கொப்புளம்.

வேலியோரமாக உட்கார்ந்து ஒரு பெரியவர் நாள் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தோண்டிய குழிகளில் இரண்டு அவருடைய வீட்டுக்குத்தான். வயது அறுபதுக்கு மேல். இளமையில் தொழுநோய் வந்து குணமானவர். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. பக்கத்து நிலங்களில் மடை திருப்பித் தண்ணீர் கட்டுவது அவர் தொழில். மண்வெட்டி இல்லாமல் அந்த வேலை இல்லை.

சாயங்காலம் மெல்ல எழுந்து வந்து, "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க மம்பட்டிய வச்சி மண்ண அடிக்கிறீங்க. அடிக்கக் கூடாது. தூக்கிட்டு விட்டுடணும். அதும் பாட்டுக்கு எறங்கும்" என்றார்.

அன்று இரவு எங்கள் ஆறு மண்வெட்டிகளையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடச் சொன்னார். காம்பு ஊறிப் பருத்தால் மண்வெட்டியின் காதில் இறுகிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். இரண்டு காம்புகளுக்கு மட்டும் மரத்தைச் சீவி ஆப்பு அடித்தார். எங்களை ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கால் இரண்டையும் அகட்டி வைக்க வேண்டும். பின்கை காம்பின் நுனியில் நிலையாக இருக்கும். முன்கை, தூக்கும்போது தகட்டின் பக்கம் போய், இறங்கும்போது தளர்ந்து பின்கையை நோக்கி வழுக்கி வர வேண்டும். வெட்டுவது தகட்டின் எடை, நம் தோள் அன்று. வெட்டிய மண்ணைத் தூக்கி எறியாமல் தன் பக்கமாக இழுத்துச் சட்டியில் தள்ள வேண்டும். கடப்பாரையும் அப்படித்தான். தரையைத் தொடும் நேரத்தில் பிடியைத் தளர்த்திவிட்டால் அதிர்ச்சி கைக்கு ஏறாது. இறுக்கிப் பிடிக்கிறவனுக்குத்தான் கை போகும் என்றார். குழி ஆழமானபின் உள்ளே நின்று மண்வெட்டியை வீச இடம் இருக்காது. அதற்கு அவர் தன் வீட்டிலிருந்து குட்டைக் காம்பு போட்ட பழைய மண்வெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய மனைவி. துணியைச் சுற்றிச் சும்மாடு கட்டுவது எப்படி, மண் நிறைந்த சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது முட்டியை மடக்குவது எப்படி என்று காட்டினார். முதல் நாள் இடுப்பில் வைத்துத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட பிள்ளைகள், இரண்டாம் நாள் பேசிக்கொண்டே சுமந்தார்கள். "காலேஜில இதெல்லாம் சொல்லித் தரலியாம்மா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் முடிவில் இரண்டு குழிகள் தயார். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையில்தான் நான்காம் நாள் தவறு செய்தோம்.

அந்தப் பெரியவருக்கென்று ஒரு மண்வெட்டி உண்டு. அதன் காம்பு சாதாரணக் காம்பைவிடப் பருமனாக இருக்கும். மேலே பழந்துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூப்பை அறுத்துச் சுற்றியிருந்தார். திண்ணையில் எப்போதும் ஒரே மூலையில் சாய்த்து வைத்திருப்பார். நான்காம் நாள் மதியம் எங்களில் ஒருவருக்குக் கொப்புளம் உடைந்துவிட்டது. அவர் கண்ணில் அந்த மண்வெட்டி பட்டது. பிடித்துப் பார்த்தால் கைக்கு மெத்தென்று இருந்தது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால், "எனக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்று மாறி மாறி வாங்கிக்கொண்டோம். அவர் பெயரை இங்கே சொல்லாததற்குக் காரணம், தவறு அவர் ஒருவருடையது அன்று என்பதுதான்.

பெரியவர் வயலிலிருந்து திரும்பி வந்தார். தன் வீட்டுக் குழி பாதியில் நிற்பதைப் பார்த்தார். நாங்கள் களைத்து உட்கார்ந்திருந்தோம். தன் மண்வெட்டி எங்கள் கையில் இருப்பதையும் பார்த்திருப்பார். விருந்தாளிகளிடம் திருப்பிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கீழே கிடந்த எங்கள் புது மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் வெட்டினார். நாங்கள் மேலே நின்று மண்ணை இழுத்துக்கொண்டு, அவருடைய திறமையைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

மாலையில் கருவிகளைக் கழுவிய மாணவி ஒருத்தி, "இதில் ரத்தம் இருக்கிறது, யாருக்கு அடிபட்டது?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். எங்கள் கையில் இருந்தது கொப்புளமும் பிளாஸ்திரியும்தான். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து டம்ளரை இரு கையாலும் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுகாதாரப் பணியாளர் ஓடிப்போய் அவருடைய கையைத் திருப்பினார். மோதிர விரலுக்குக் கீழே உள்ளங்கைத் தோல் கிழிந்து, அதற்குள் ஒரு மரச்சிராய் நீளமாக ஏறியிருந்தது. எங்கள் புதுக் காம்பிலிருந்து பெயர்ந்த சிராய்.

அவர் அதைப் பார்த்துவிட்டு, "ரத்தம் வந்தாத்தான் சார் எனக்குத் தெரியும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்குகிற மாதிரிதான் சொன்னார். அவர் மனைவி எழுந்து வந்து, அந்த டியூப் சுற்றிய மண்வெட்டியை ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தார்.

அன்பானவர்களே, அன்று இரவு எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சுகாதாரப் பணியாளர் எங்களோடு வெகுநேரம் உட்கார்ந்து பேசினார். இந்த மருத்துவமனையை நெடுங்காலமாகத் தாங்கிவரும் உங்களில் பலருக்கு அது தெரிந்த விஷயமாக இருக்கலாம். எங்களுக்குப் புதிது.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுவதில்லை. அது நரம்பைத் தாக்குகிறது. கையில் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. அங்கே சூடு, வலி எதுவும் தெரியாது. வியர்வையும் சுரக்காது. ஆகவே தோல் காய்ந்து வெடிக்கும். கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் செத்துப்போன நரம்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை. நோய் போனபிறகும் அந்தக் கை காயத்துக்குத் திறந்தபடியே இருக்கிறது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் குறைந்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். முன்பே குணமாகி, உணர்ச்சியற்ற கையோடு உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் வேறு.

இதைக் கண்டுணர்ந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் தச்சு வேலையும் கட்டிட வேலையும் கற்றவர். 1946-இல் வேலூருக்கு வந்து, மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் பணியைத் தொடங்கினார். பின்னர் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கியது. கை சரியானவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்று மர விளையாட்டுப் பொருட்கள் செய்தார்கள். சுத்தியலும் ரம்பமும் பிடித்த அந்தக் கைகளைத்தான் டாக்டர் நாள்தோறும் கவனித்தார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் சாவி எலும்பு தெரியும் வரை வெட்டியிருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லும் வலி இல்லாததால்தான் அந்தக் கைகள் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கின்றன என்பதும், விரல்கள் குறைவதற்குக் காரணம் இப்படிப்பட்ட அன்றாடக் காயங்களே என்பதும் அவருக்குத் தெளிவாயின.

இதைக் கேட்டபோது எங்கள் கொப்புளங்களை நாங்கள் வேறு விதமாகப் பார்த்தோம். மூன்று நாளாக அவற்றைச் சபித்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததில் பெரியவருக்குப் பாதிப் பங்கு என்றால் வலிக்கும் பாதிப் பங்கு. எரிந்த இடத்தில் பிடியை மாற்றினோம், சிராய் குத்தினால் கையை எடுத்தோம். அவர் தன் கண்ணாலேயே அந்த வேலையைச் செய்துவந்தார். தினமும் சாயங்காலம் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாகப் பார்ப்பாராம். பருமனான காம்பும் துணியும் டியூப்பும் அவராகச் செய்துகொண்ட பாதுகாப்பு. நாங்கள் எங்கள் சொகுசுக்காக எடுத்துக்கொண்டது அதைத்தான்.

சிராயை எடுத்துக் கழுவி, தடுப்பூசி போட்டு, கை அசையாமல் இருக்கச் சிம்பு வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டும் காலம். ஆறு வாரக் கூலி போயிற்று. அந்தத் தொகையை நாங்கள் சேர்த்துக் கொடுத்தபோது பெரியவர் வேண்டாம் என்றார். அவர் மனைவி வாங்கி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் வாங்கிக்கொண்டது எங்களுக்குப் பெரிய ஆறுதல். விரலுக்கு ஆபத்து வரவில்லை. புண் ஆறிவிட்டது என்று பிறகு செய்தி வந்தபோது கடவுளுக்கு நன்றி சொன்னோம்.

மீதி மூன்று நாட்களில் நாங்கள் தோண்டி முடித்தது இன்னும் மூன்று குழிகள். மொத்தம் ஐந்து. எஞ்சிய மூன்றை அந்த ஊர் ஆட்கள் நால்வர் இரண்டே நாளில் கூலிக்குத் தோண்டிக் கொடுத்தார்கள். செங்கல் வைத்து உறை கட்டி, நான்கு கழிப்பறைகளும் இப்போது பயன்பாட்டில் இருக்கின்றன.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். உங்கள் பயணச் செலவையும் கருவி வாங்கிய பணத்தையும் கூலியாகக் கொடுத்திருந்தால் எட்டுக் குழியும் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று. ஆம், முடிந்திருக்கும். ஊராருக்கு நாலு நாள் வேலையும் கிடைத்திருக்கும். குழி தோண்டுவது மட்டும்தான் நோக்கமென்றால் எங்களைப் போன்றவர்களை அனுப்புவது வீண் செலவு. கொடுப்பவர்களாகிய உங்களுக்கு இதைச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. கடைசி இரண்டு நாள் மாலைகளில் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் நாங்கள் வேறு ஒரு வேலை செய்தோம். அவர் ஒரு கையில் கட்டோடு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, எங்கள் புதுக் காம்புகளை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினோம். எண்ணெய் தேய்த்தோம். துணியைச் சுற்றி, பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் அறுத்து அதன்மேல் இறுக்கினோம். அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உணர்ச்சியற்ற கையோடு வேலை செய்கிறவர்கள் ஆறு பேர் இருப்பதாகச் சுகாதாரப் பணியாளர் சொன்னார். எங்கள் ஆறு மண்வெட்டிகளையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தோம். களைக்கொத்து வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு அந்தப் பிடிக்கும் டியூப் சுற்றிக் கொடுத்தோம். ஒரு காம்புக்கு ஆன செலவு, பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட ஒரு டியூப்.

வருகிற தை மாதம் நாங்கள் மறுபடியும் போகிறோம். இம்முறை குழி தோண்ட அந்த ஊர் ஆட்களுக்கே கூலி. நாங்கள் மண் சுமப்போம், மாலையில் காம்பு சுற்றுவோம். உங்கள் வீட்டில் பழைய டியூப் கிடந்தால் எறிந்துவிடாமல் எங்களிடம் கொடுங்கள். வாசலில் ஒரு சாக்கு வைத்திருக்கிறோம்.

புறப்பட்ட அன்று காலையில் அந்தப் பெரியவர் எங்கள் பத்துப் பேரையும் கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொருவர் உள்ளங்கையையும் தன் நல்ல கையால் பிடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொப்புளங்கள் காய்ந்து தோல் தடிக்கத் தொடங்கியிருந்தது. வங்கி நண்பரிடம் மட்டும், "இன்னும் இறுக்கித்தான் புடிக்கிறீங்க சார்" என்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா டியூப் சுற்றிய பழைய மண்வெட்டியை எடுத்துவந்து, திண்ணையில் அதே மூலையில் சாய்த்து வைத்தார்.